16 வருட வேலையை ராஜினாமா செய்துவிட்டு 11 மாத ஒப்பந்தத்தில் சேரலாமா?

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளிவர வேண்டாம் என்று கேட்டிருப்பதால், அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு வயது 42. எம்.பி.எட்., எம்.பில். முடித்தவர். பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு சுயநிதிக் கலை அறிவியல் கல்லூரியில் 2009 ஜூனில் உடற்கல்வி இயக்குநராகச் சேர்ந்தார். அந்தத் துறையில் அவர் ஒருவர்தான். கபடி, வாலிபால், கோ-கோ, தடகளம் எல்லாவற்றுக்கும் அவரே பயிற்சியாளர். ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டுக்கும். அதோடு ஸ்போர்ட்ஸ் கோட்டா சேர்க்கை, போட்டிகளுக்கு என்ட்ரி அனுப்புவது, ரயில் டிக்கெட், போட்டிக்குப் போகும் மாணவர்களுக்கு வருகைப்பதிவு தரும் ஓ.டி. கடிதம், ஆண்டு விளையாட்டு விழா, கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும்போது காட்ட வேண்டிய ஃபைல்கள் என்று நிர்வாக வேலையும் அவர் தலையில்தான். காலை ஐந்தே முக்காலுக்கு மைதானத்தில் நிற்க வேண்டும், வீடு திரும்ப இரவு ஏழு மணிக்கு மேல் ஆகும். தொகுப்பூதியம் 26,000 ரூபாய். அவரிடம் பயிற்சி பெற்ற சில மாணவிகள் இன்று காவல்துறையிலும் ரயில்வேயிலும் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை பார்க்கிறார்கள்.

சமீபத்தில் கல்லூரி நிர்வாகம் மாறியது. புதிய செயலர் அவரை அழைத்து இரண்டு தாள்களைக் கொடுத்திருக்கிறார். ஒன்று, தேதி போடாமல் டைப் செய்து வைத்த ராஜினாமா கடிதம். இன்னொன்று, ‘விளையாட்டுப் பயிற்சியாளர்’ என்ற பெயரில் 11 மாதத்துக்கு, 22,000 ரூபாய் சம்பளத்தில் புதிய ஒப்பந்தம். “உங்களுக்கு வகுப்பு நேரமே கிடையாது, நீங்கள் டீச்சிங் ஸ்டாஃப் இல்லை, மாத இறுதிக்குள் கையெழுத்துப் போடுங்கள்” என்று சொல்லியிருக்கிறார்கள். வாசகியின் அசல் சான்றிதழ்கள் சேர்ந்த நாளிலிருந்து கல்லூரி அலுவலகத்தில் இருக்கின்றன. இது தவிர, போட்டிக்குப் போகும்போது கொடுக்கும் பணத்தைவிடக் கூடுதல் தொகைக்கு வவுச்சரில் கையெழுத்து வாங்குகிறார்கள் என்றும் ஒரு பத்தி எழுதியிருக்கிறார்.

அவர் கேட்பவை இவை. கையெழுத்துப் போடலாமா? ஆசிரியர் இல்லை என்றால் கிராஜுவிட்டி கிடையாது என்கிறார்களே, உண்மையா? பத்து வருடம் தாண்டினால் தானாகவே பர்மனென்ட் ஆகிவிடுவோம் என்பது சரியா? லேபர் கோர்ட்டுக்குப் போகலாமா? நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுதும் வயது போய்விட்டது, எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சொந்தமாக அகாடமி ஆரம்பிக்கலாமா? கடைசியில் ஒரு வரி: “நான் போய்விட்டால் இந்த வருஷத்துப் பிள்ளைகள் பாதியில் நின்றுவிடுவார்கள்.”

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். அந்த ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். புதிய ஒப்பந்தத்திலும் இப்போதைக்கு வேண்டாம். “சும்மா ஃபார்மாலிட்டிக்கு” என்று யார் சொன்னாலும், எத்தனை வருடப் பழக்கமான அலுவலக மேலாளர் வந்து கேட்டாலும் சரி.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், உங்கள் கையில் இருக்கும் பாதுகாப்பு முழுவதும் அந்த ஒரு கையெழுத்தில்தான் தொங்குகிறது. தமிழ்நாட்டில் தனியார் கல்லூரிகளை ஒழுங்குபடுத்த 1976ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. பல்கலைக்கழகத்தோடு இணைந்த தனியார் கல்லூரிகளில் வேலை பார்க்கும் ஆசிரியர்களையும் மற்ற ஊழியர்களையும் பணிநீக்கம் செய்யவோ பதவி இறக்கவோ நிர்வாகம் நினைத்தால், காரணம் காட்டி விளக்கம் கேட்க வேண்டும். அரசின் தகுதியான அதிகாரியிடம் முன்அனுமதியும் வாங்க வேண்டும். அந்த முடிவை எதிர்த்து மேல்முறையீடும் உண்டு. ‘ஆசிரியர்’ என்று மட்டும் சொல்லாமல் ‘மற்ற ஊழியர்கள்’ என்றும் அந்தச் சட்டம் சேர்த்தே சொல்கிறது. ஆகவே நீங்கள் டீச்சிங் ஸ்டாஃபா இல்லையா என்ற சண்டைக்கே போகாமல் இந்தப் பாதுகாப்பைக் கேட்கலாம். ஆனால் இதெல்லாம் அவர்கள் உங்களை நீக்கினால்தான். நீங்களே விலகிவிட்டால் நீக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை. உங்களிடம் ராஜினாமா கேட்பதற்கு இதுவே காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

தேதி போடாத ராஜினாமா கடிதம் இன்னும் ஆபத்தானது. அதில் என்ன தேதியை வேண்டுமானாலும் அவர்கள் பிறகு நிரப்பிக்கொள்ளலாம். கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்று நீதிமன்றத்தில் சொல்லலாம்தான். ஆனால் அதை நிரூபிக்கும் பாரம் உங்கள் மேல் விழும்.

11 மாதம் என்ற கணக்கையும் கவனியுங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, குறிப்பிட்ட காலத்துக்கு நியமிக்கப்பட்டவர்கள் ஓராண்டு வேலை பார்த்தாலே விகிதாசாரப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) பெறலாம் என்கிறது. 11 மாதம் அந்த ஓராண்டைத் தொடாது. ஒரு மாதம் இடைவெளி விட்டு மறுபடி 11 மாதம் கொடுத்தால், ஒவ்வொரு முறையும் நீங்கள் புதிதாகச் சேர்ந்தவராகவே இருப்பீர்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். உங்கள் கல்லூரி நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றின் பகுதியாக இருந்தால் 1976 சட்டம் பொருந்தாது. சிறுபான்மை நிறுவனமாக இருந்தால், முன்அனுமதி போன்ற சில விஷயங்களில் வாதப் பிரதிவாதங்கள் உண்டு. கடிதத்தில் இது தெளிவாக இல்லை. உங்கள் வழக்கறிஞர் முதலில் கேட்கப்போகும் கேள்வி இதுதான்.

பணிக்கொடை பற்றி உங்களிடம் சொன்னது தலைகீழ்

“பி.டி. (உடற்கல்வி இயக்குநர்) என்பவர் ஆசிரியர் இல்லை, அதனால் கிராஜுவிட்டி இல்லை” என்பது எப்படிப் பார்த்தாலும் தவறு. ஒரு காலத்தில் பணிக்கொடைச் சட்டத்துக்கு வெளியே நின்றவர்கள் ஆசிரியர்கள்தான். கல்வி நிறுவனங்களில் எழுத்தர், உதவியாளர் போன்றவர்களுக்கு 1997 ஏப்ரல் 3 முதல் அது பொருந்தியது. ஆசிரியர்கள் அந்தச் சட்டத்தின்படி ‘ஊழியர்’ ஆக மாட்டார்கள் என்று 2004இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தக் குறையைப் போக்க நாடாளுமன்றம் 2009இல் சட்டத்தைத் திருத்தி, அதே 1997 தேதியிலிருந்து ஆசிரியர்களையும் சேர்த்தது. தனியார் பள்ளிகள் அதை எதிர்த்து வழக்குப் போட்டன. 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆக, நீங்கள் ஆசிரியர் என்றாலும் பணிக்கொடை உண்டு, ஆசிரியர் இல்லை என்றாலும் உண்டு.

எவ்வளவு வரும்? கடைசிச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, முடித்த வருடங்களால் பெருக்க வேண்டும். 26,000 ரூபாய் முழுவதும் கணக்கில் வந்தால், ஒரு வருடத்துக்கு 15,000 ரூபாய். 16 வருடத்துக்கு 2,40,000 ரூபாய். சம்பளச் சீட்டில் அதை அடிப்படைச் சம்பளம், அலவன்ஸ் என்று பிரித்திருந்தால் தொகை குறையலாம். ஆனால் மொத்த ஊதியத்தில் பாதிக்கு மேல் அலவன்ஸ் என்று காட்டினால், அந்த அதிகப்படியையும் சம்பளமாகவே கொள்ள வேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது. “எனக்கு வேண்டாம்” என்று எழுதிக் கொடுத்தாலும் பணிக்கொடை உரிமை போகாது. ஆனாலும் ‘எல்லா பாக்கியும் பெற்றுக்கொண்டேன்’ என்ற வரியில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு வாங்கவே இல்லை என்று வாதாடுவது வீண் அலைச்சல். அப்படி ஒரு வரி அந்தத் தாள்களில் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

பி.எஃப். பிடிக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. பிடித்திருந்தால் யு.ஏ.என். என்ற பி.எஃப். உறுப்பினர் எண் மூலம் பாஸ்புக்கைப் பாருங்கள். பத்து வருடம் ஓய்வூதியத் திட்டத்தில் பணம் கட்டியிருந்தால் 58 வயதில் மாத ஓய்வூதியத்துக்குத் தகுதி வந்துவிடும். தொகை பெரிதாக இருக்காது, ஆனால் அது உங்களுடையது.

நீங்கள் ஆசிரியரா?

‘வகுப்பு நேரம் இல்லை’ என்ற வாதம் உங்களைப் புண்படுத்தியிருப்பது கடிதத்தில் தெரிகிறது. நியாயம்தான். நாளுக்கு இரண்டு வேளை மைதானத்தில் நின்று பாடம் சொல்லிக் கொடுப்பவரைப் பார்த்து வகுப்பு எங்கே என்று கேட்கிறார்கள்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, கல்லூரி உடற்கல்வி இயக்குநரை உதவிப் பேராசிரியருக்கு இணையான கல்விப் பணியாளராகவே வைத்திருக்கிறது. இரண்டு பதவிக்கும் தொடக்க ஊதியம் ஒன்றுதான், ஏழாவது ஊதியக் குழுக் கணக்கில் 57,700 ரூபாய். உடற்கல்வி இயக்குநரின் வேலையை எப்படி மதிப்பிட வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது: கல்லூரிக்குள் போட்டி நடத்தினாரா, வெளிப் போட்டிகளுக்கு அணியைக் கொண்டுபோனாரா, மைதானத்தையும் வசதிகளையும் மேம்படுத்தினாரா, அவருடைய மாணவர்கள் பல்கலைக்கழக அணிக்கோ மாநில, தேசிய அணிக்கோ போனார்களா. வகுப்பறையில் எத்தனை மணி நேரம் என்று அது கேட்கவில்லை.

2023இல் உச்ச நீதிமன்றத்தில் இதை ஒட்டி ஒரு வழக்கு வந்தது. மத்தியப் பிரதேசத்தில் வேளாண் பல்கலைக்கழகம் ஒன்றில் உடற்பயிற்சி ஆசிரியராகச் சேர்ந்து விளையாட்டு அலுவலரானவர், ஆசிரியர்களுக்கு உள்ள 62 வயது ஓய்வு தனக்கும் வேண்டும் என்று கேட்டார். அந்த மாநிலச் சட்டத்தின் வரையறைப்படி அவரும் ஆசிரியர்தான் என்று நீதிமன்றம் ஏற்றது. நான்கு சுவருக்குள் நடப்பது மட்டும் கற்பித்தல் அல்ல, மைதானத்தில் நடப்பதும் கற்பித்தலே என்பது அந்தத் தீர்ப்பின் அடிப்படை. வேறொரு மாநிலச் சட்டத்தை வைத்துச் சொன்னது என்பதால் அப்படியே உங்களுக்குப் பொருந்திவிடும் என்று சொல்ல மாட்டேன். உங்கள் பக்கம் நிற்கும் வலுவான தீர்ப்பு, அவ்வளவு சொல்லலாம்.

57,700 ரூபாயை இப்போதே கேட்கலாமா என்ற எண்ணம் வந்திருக்கும். சுயநிதிக் கல்லூரியிடம் அதை வழக்கு மூலம் வாங்குவது நீண்ட, நிச்சயமில்லாத வேலை. வேலையே ஆட்டம் காணும் இந்த நேரத்தில் அந்தக் கோரிக்கையையும் சேர்த்தால் முக்கியமானது நீர்த்துப்போகும். தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

தானாகப் பர்மனென்ட், லேபர் கோர்ட்

பத்து வருடம் ஆனால் தானாக நிரந்தரம் என்ற நம்பிக்கை பலருக்கு இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்றால், 2006இல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் பத்து வருடக் கணக்கு ஒன்றைப் பேசியது. அது அரசுத் துறைகளில் இருந்த தற்காலிக ஊழியர்களைப் பற்றியது, அதுவும் ஒரே ஒரு முறைக்கான ஏற்பாடு. உண்மையில் அந்தத் தீர்ப்பே தானாக நிரந்தரம் ஆவதற்கு எதிரானதுதான். உங்கள் விஷயத்தில் பார்க்க வேண்டியது 2009 நியமன ஆணை. அதில் ‘தகுதிகாண் பருவம்’ என்று இருக்கிறதா, ‘தற்காலிகம்’ என்று இருக்கிறதா, எந்தப் பதவியின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அடுத்தது, உங்கள் பெயரைத் தகுதி ஒப்புதலுக்காகப் பல்கலைக்கழகத்துக்குக் கல்லூரி அனுப்பியதா என்பது. இணைப்பைப் புதுப்பிக்கவும் நாக் குழுவுக்கும் கல்லூரி கொடுத்த பட்டியல்களில் உங்களை உடற்கல்வி இயக்குநர் என்று காட்டியிருந்தால், வெளியே அப்படிக் காட்டிக்கொண்டு உள்ளே “நீங்கள் டீச்சிங் ஸ்டாஃப் இல்லை” என்று சொல்ல அவர்களுக்கு வாய் இருக்காது.

லேபர் கோர்ட் உங்களுக்கு ஏற்ற இடமல்ல. ஆசிரியர்கள் அப்போதைய தொழில் தகராறு சட்டப்படி ‘தொழிலாளி’ அல்ல என்று 1988இல், கோவாவில் ஒரு பள்ளி ஆசிரியை தொடர்ந்த சுந்தராம்பாள் வழக்கில், உச்ச நீதிமன்றம் முடிவு செய்துவிட்டது. அங்கே போனால், இன்று உங்களை ஆசிரியர் இல்லை என்று சொல்லும் அதே நிர்வாகம் “இவர் ஆசிரியர், இங்கே வழக்கே நிற்காது” என்று சொல்லும். அதனால்தான் “நீங்கள் டீச்சிங் ஸ்டாஃப் இல்லை” என்று சொன்னதை அவர்கள் வாயால் மட்டும் விட்டுவிடாமல் எழுத்தில் பதிய வைக்க வேண்டும் என்கிறேன். பணிக்கொடைக்கு மட்டும் தொழிலாளர் துறை அதிகாரியிடம் போகலாம், அது வேறு வழி.

வேலையிலிருந்து நீக்கினால் 1976 சட்டப்படி மேல்முறையீடு, தேவைப்பட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட். தனியார் கல்வி நிறுவனத்தின் மீது எல்லாப் பணிப் பிரச்சினைக்கும் ரிட் நிற்காது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் கறாராகச் சொல்லியிருக்கிறது. பணி நிபந்தனையைச் சட்டமே கட்டுப்படுத்தும் இடத்தில்தான் கதவு திறக்கிறது. உங்களுக்கு அந்தக் கதவு 1976 சட்டம்.

வவுச்சர் விஷயம்

கடிதத்தில் நீங்கள் இதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதிகக் கவலை தந்தது இதுதான்.

ஒரு வீரருக்கு 300 ரூபாய் பேட்டா என்று வவுச்சர், கையில் கொடுப்பது 150. பன்னிரண்டு பேர் போனால் பதினெட்டு பேருக்குக் கணக்கு. வாங்காத வாலிபாலுக்கும் ஸ்பைக்ஸுக்கும் பில். மீதிப் பணம் எங்கே போகிறது என்று தெரியாது என்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் தாளில் இருப்பது உங்கள் கையெழுத்து மட்டும்தான். நாளைக்கு உறவு முறிந்தால், அவர்கள் முதலில் எடுக்கப்போகும் ஃபைல் அதுவாகத்தான் இருக்கும். பணம் கையாடினார், கணக்கைப் பொய்யாக எழுதினார் என்று உங்கள் மேலேயே திருப்பலாம். ராஜினாமாவுக்கு மறுக்கிறவரை வழிக்குக் கொண்டுவர இதைக் காட்டி மிரட்டுவதும் நடக்கக்கூடியதுதான்.

இன்றிலிருந்து, கையில் வாங்கிய தொகைக்கு மட்டும் கையெழுத்துப் போடுங்கள். வவுச்சரில் கூடுதல் தொகை இருந்தால், கையெழுத்துக்குப் பக்கத்தில் உங்கள் கையாலேயே ‘பெற்றது இவ்வளவு ரூபாய்’ என்று எழுதி, உடனே போட்டோ எடுங்கள். பேட்டாவை முடிந்தவரை மாணவர்களின் வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பும்படி எழுதிக் கேளுங்கள். போட்டிக்குப் போய் வந்தவர்களின் பெயர்ப் பட்டியலை, அமைப்பாளர் முத்திரையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

பழையதைப் பற்றி நிர்வாகத்துக்கோ வேறு யாருக்குமோ இப்போது கடிதம் எழுத வேண்டாம். மனசாட்சி உறுத்துவது புரிகிறது. எந்தப் போட்டி, எவ்வளவு கொடுத்தார்கள், எவ்வளவுக்குக் கையெழுத்து, யார் சொன்னது என்று நினைவில் இருப்பதை உங்களுக்காக ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அதை வழக்கறிஞரிடம் மட்டும் காட்டுங்கள். எப்போது, யாரிடம், எப்படிச் சொல்வது என்று அவரோடு பேசிய பிறகு முடிவு செய்யலாம்.

இதே கவனம், அணியில் இருப்பவர்கள் நம் மாணவர்கள்தான் என்று உறுதி சொல்லும் எலிஜிபிலிட்டி ஃபாரத்திலும் வேண்டும். கல்லூரியில் படிக்காத ஒரு நல்ல கபடி ரெய்டரை ‘நம்ம பையன்’ என்று சேர்த்து அனுப்பச் சொல்லி அழுத்தம் வருவது இந்தத் துறையில் புதிதல்ல. மாட்டினால் அணி தகுதியிழக்கும், பதில் சொல்ல வேண்டியது ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டவர்.

மாத இறுதிக்குள் என்ன செய்வது

செயலருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். கோபம் வேண்டாம், குற்றச்சாட்டும் வேண்டாம். நான்கு விஷயம் போதும். இன்ன தேதியில் என்னை அழைத்து ராஜினாமா கடிதமும் 11 மாத ஒப்பந்தமும் கொடுத்தீர்கள். 2009 ஜூன் முதல் உடற்கல்வி இயக்குநராகத் தொடர்ந்து வேலை செய்கிறேன், ராஜினாமா செய்யும் எண்ணம் எனக்கு இல்லை. எனக்கு வகுப்பு இல்லை, நான் ஆசிரியர் இல்லை என்று சொன்னதற்கான ஆதாரத்தை எழுத்தில் தாருங்கள். என் அசல் சான்றிதழ்களைத் திருப்பித் தாருங்கள். இதை ஈமெயிலில் அனுப்பிவிட்டு, ஸ்பீட் போஸ்டிலும் பட்டுவாடாச் சான்று கேட்டு அனுப்புங்கள்.

சான்றிதழைப் பிடித்து வைக்க அவர்களுக்கு உரிமை இல்லை. கல்விச் சான்றிதழ் அடமானப் பொருள் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. கேட்டும் தராவிட்டால் அந்த மறுப்பே உங்களுக்கு ஓர் ஆதாரம்.

அப்புறம், உங்கள் 16 வருடத்தைத் தாளில் சேர்க்க வேண்டும். இதைத்தான் நீங்கள் செய்யாமல் விட்டிருக்கிறீர்கள் என்று கடிதத்தைப் படிக்கும்போது தோன்றியது. எந்த மாணவி எந்த வருடம் சவுத் ஜோன் போட்டிக்குப் போனாள் என்று பெயரோடு எழுதியிருக்கிறீர்கள், ஆனால் ஒரு சான்றிதழ் நகல்கூட வீட்டில் இல்லை என்கிறீர்கள். உங்களைத் தெரிந்தவர்களுக்கு அது போதும். உங்களைத் தெரியாத ஒரு அதிகாரிக்கோ நீதிபதிக்கோ போதாது. போட்டி அழைப்புகள், ஓ.டி. கடிதங்கள், முதல்வர் கையெழுத்திட்ட அனுமதிகள், பல்கலைக்கழக அணித் தேர்வுப் பட்டியல்கள், கல்லூரி ஆண்டு மலரில் வந்த விளையாட்டு அறிக்கை, செய்தித்தாள் துணுக்குகள் என்று உங்கள் கைக்கு நியாயமாக வந்தவற்றின் நகலைத் திரட்டுங்கள். அலுவலகத்துக்குச் சொந்தமான அசல் ஃபைலை வீட்டுக்கு எடுத்து வராதீர்கள், அது வேறு வழக்காகிவிடும். பழைய மாணவிகளிடம் கேட்டால் பாதி கிடைத்துவிடும். போட்டிக் குழுக்களின் வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள், போனை மாற்றாதீர்கள்.

வேலையை மட்டும் நிறுத்த வேண்டாம். காலைப் பயிற்சி, மாலைப் பயிற்சி எதுவும் குறையக் கூடாது. கோபத்தில் இரண்டு நாள் போகாமல் இருந்தால், அவர்கள் தேடிக்கொண்டிருக்கும் காரணத்தை நீங்களே கொடுத்ததாகிவிடும். “பிள்ளைகள் பாதியில் நின்றுவிடுவார்கள்” என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பாசத்தை வைத்தே உங்களைக் குறைந்த சம்பளத்துக்கு இறங்க வைக்க முடியும் என்று நிர்வாகம் கணக்குப் போட்டிருக்கலாம். பிள்ளைகளுக்காக நீங்கள் இருக்க வேண்டும் என்றால் உங்கள் பதவி இருக்க வேண்டும். ஒவ்வொரு 11 மாதத்துக்கும் வேலை இருக்குமா என்று தெரியாத பயிற்சியாளரால் முதலாம் ஆண்டு மாணவியை மூன்று வருடம் வளர்த்துக் கொண்டுவர முடியாது.

இனி எங்கே

நெட் எழுத வயது போய்விட்டது என்பது தவறு. வயது வரம்பு ஜே.ஆர்.எஃப். உதவித்தொகைக்குத்தான். உதவிப் பேராசிரியர் தகுதிக்கு உச்ச வயதே இல்லை. உடற்கல்வியும் நெட் பாடங்களில் ஒன்று, வருடத்துக்கு இரண்டு முறை தேர்வு நடக்கிறது. 2024 முதல் நெட் மதிப்பெண்ணை வைத்தே பிஎச்.டி. சேர்க்கைக்கும் விண்ணப்பிக்கலாம். உங்களிடம் இருக்கும் ஒரே பலவீனம் நெட்டோ பிஎச்.டி.யோ இல்லாதது. 2018 ஒழுங்குமுறை நேரடி நியமனத்துக்கு இரண்டில் ஒன்றைக் கேட்கிறது, இதை வைத்தே நாளைக்கு இன்னொரு சுற்று வரலாம். பகுதிநேரப் பிஎச்.டி.க்கு மானியக் குழுவின் 2022 விதிகள் இடம் தருகின்றன, ஆனால் வேலை செய்யும் நிறுவனத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். நிர்வாகத்தோடு சமரசப் பேச்சு வந்தால், நீங்கள் கேட்டு வாங்க வேண்டியவற்றில் அதுவும் ஒன்று. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகம், மேலக்கோட்டையூர் உடற்கல்வி மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இரண்டையும் விசாரியுங்கள்.

நேரடி நியமனத்துக்குக் கேட்கும் உடல் தகுதித் தேர்வை நினைத்துப் பயப்படுகிறீர்கள். 45 வயது வரையிலான பெண்களுக்கு விதி கேட்பது எட்டு நிமிடத்தில் 600 மீட்டர், ஓடியோ நடந்தோ. தினமும் மைதானத்தில் நிற்கும் உங்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை.

அகாடமி பற்றி என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். இப்போது வேண்டாம். மாதக் கட்டணம் கொடுத்துப் பிள்ளைகளை அனுப்பும் வழக்கம் பாட்மிண்டன், கிரிக்கெட், நீச்சல், ஸ்கேட்டிங் பக்கம்தான் அதிகம். உங்கள் பலம் கபடியும் கோ-கோவும் தடகளமும். அவற்றுக்கு வரும் பிள்ளைகளின் வீட்டில் கட்டணம் கொடுக்க முடியாது, நீங்களும் கேட்க மாட்டீர்கள். மைதான வாடகை, இன்சூரன்ஸ், உதவிப் பயிற்சியாளர் சம்பளம் எல்லாம் மாதாமாதம் வரும். பணிக்கொடைப் பணத்தை அதில் போட்டுக் கரைத்துவிடாதீர்கள். பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனம் (என்.ஐ.எஸ்.) நடத்தும் ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பை விடுமுறையில் முடித்து வைத்தால், பள்ளிகளிலோ வேறு கல்லூரியிலோ பயிற்சியாளராகப் போகும் கதவு திறந்திருக்கும். வேலை தேடுவது தப்பில்லை. ஆனால் இன்னொரு நியமன ஆணை கையில் வந்த பிறகு, உங்கள் விருப்பப்படி, உங்கள் வாசகத்தில், தேதி போட்டு ராஜினாமா எழுதுங்கள். அன்றைக்கே பணிக்கொடை விண்ணப்பத்தையும் அனுபவச் சான்றிதழ் கேட்கும் கடிதத்தையும் கொடுங்கள். அனுபவச் சான்றிதழில் ‘உடற்கல்வி இயக்குநர்’ என்றே இருக்க வேண்டும். இன்று ‘பயிற்சியாளர்’ ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் அந்தச் சொல்லும் போய்விடும்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று எழுதியிருந்தீர்கள். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும். பணிச் சட்டத்தில் பழக்கம் உள்ளவரைத் தரும்படி கேளுங்கள். இந்த வாரத்திலேயே போங்கள். போகும்போது 2009 நியமன ஆணை, அவர்கள் கொடுத்த இரண்டு தாள்களின் போட்டோ, சம்பளம் வரவான வங்கி ஸ்டேட்மென்ட், செயலருக்கு அனுப்பிய கடிதத்தின் நகல், தபால் ரசீது ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள்.